இதய நரம்பு ஸ்கேன்: முதல் தடவை போகிறவர்களுக்கு

தம்பியின் ரெஃபரல் கடிதத்தில் ‘எம்.ஐ.பி.ஜி’ என்று நான்கு எழுத்துதான் இருந்தது. பட்டர்வொர்த் வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் அதை வைத்து மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். “இதயத்துல நரம்பு இருக்காய்யா? ரத்தக்குழாய்தானே இருக்கும்?” என்று அம்மா கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. தமிழில் தேடிப் பார்த்தேன். ஆஞ்சியோ பற்றி நிறைய கிடைத்தது, இதைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை.

பரம்பரையாக வரும் இதயத் துடிப்புக் கோளாறு உள்ள குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. தம்பியோடு இரண்டு வருடம் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் அலைந்து, கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவன். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

அம்மாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், இதயத்தில் நரம்பு இருக்கிறது. நாம் ஓடும்போதும் பயப்படும்போதும் கோபப்படும்போதும் இதயத்தை வேகமாக அடிக்க வைப்பது சிம்பதெடிக் நரம்புகள். அவற்றின் நுனியிலிருந்து நோர்அட்ரினலின் என்ற ரசாயனம் கசிந்து இதயத் தசையைத் தூண்டும். வேலை முடிந்ததும் மிச்சத்தில் பெரும்பகுதியை அந்த நுனியே திரும்ப உறிஞ்சிச் சேமித்துக்கொள்ளும். எம்.ஐ.பி.ஜி மருந்து நோர்அட்ரினலினின் சாயலில் செய்யப்பட்டது, அதனால் நரம்பு நுனி அதையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆனால் உடம்பு நோர்அட்ரினலினைச் சிதைப்பது போல இதைச் சிதைப்பதில்லை. அந்த மருந்தோடு அயோடின்-123 என்ற கதிரியக்க அணுவை ஒட்டிவிட்டால், நரம்பு நன்றாக வேலை செய்யும் இடம் காமா கதிரைப் பிடிக்கும் கேமராவில் ஒளிரும். நரம்பு பழுதான இடம் மங்கலாகத் தெரியும். 1980 வாக்கில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் கட்டிகளைப் பார்ப்பதற்காக இதை உருவாக்கினார்கள். அப்புறம்தான் இதயத்துக்கும் வந்தது.

ஆஞ்சியோ குழாயைப் பார்க்கிறது, எக்கோ தசையைப் பார்க்கிறது, ஈ.சி.ஜி மின்சாரத்தைப் பார்க்கிறது. இந்த ஸ்கேன் நரம்பைப் பார்க்கிறது. அம்மாவுக்கு இப்படிச் சொன்னதும் புரிந்துவிட்டது.

முதல் வேலை: “எதுக்கு டாக்டர்?” என்று கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஸ்கேன் உங்களுக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லாது. புருகாடா என்ற பரம்பரைத் துடிப்புக் கோளாறைக் கண்டுபிடிப்பது ஈ.சி.ஜி. அதில் சந்தேகம் இருந்தால் அஜ்மலின் அல்லது ஃப்ளெகனைட் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் மின்சாரத்தில் மீள அதிக நேரம் எடுக்கும் நீண்ட க்யூ.டி நோயையும் ஈ.சி.ஜி-யில்தான் பார்க்கிறார்கள். சி.பி.வி.டி என்ற நோய் சாதாரண ஈ.சி.ஜி-யில் ஒளிந்துகொள்ளும், டிரெட்மில்லில் ஓடும்போது வெளியே வரும். மரபணுப் பரிசோதனையும் உண்டு. நரம்புப் படம் இவற்றுக்கெல்லாம் பின்னால், டாக்டர் மனதில் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும்போது வருவது.

தம்பிக்குக் காய்ச்சல் வந்த ஒரு ராத்திரி மயங்கி விழுந்தான். ஈ.சி.ஜி-யில் புருகாடா என்று தெளிவாகத் தெரிந்தது. ஆனால் வலது கீழறைத் தசை கொழுப்பாகவும் நாராகவும் மாறும் ஏ.ஆர்.வி.சி என்ற நோயும் கூட இருக்குமோ என்று டாக்டருக்கு ஒரு சந்தேகம். எம்.ஆர்.ஐ படம் அப்படியும் சொல்லவில்லை, இப்படியும் சொல்லவில்லை. “நரம்புப் படம் இன்னொரு துப்பு. இதை வச்சு மட்டும் முடிவு எடுக்க மாட்டேன்,” என்றார் டாக்டரம்மா. அந்த ஒரு வரி எங்களுக்குப் பெரிய தெளிவைக் கொடுத்தது. ஸ்கேன் நாள் வரைக்கும் தூக்கம் கெட்டுத் தவிக்காமல் இருந்தோம்.

நீங்களும் இப்படிக் கேளுங்கள்: “ரிசல்ட் நல்லா வந்தா என்ன செய்வீங்க, மோசமா வந்தா என்ன செய்வீங்க?” இரண்டுக்கும் ஒரே பதில்தான் என்றால் ஸ்கேன் இப்போதே வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்கலாம். அதில் தப்பே இல்லை.

எந்த நோயில் நரம்பைப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது? இந்த நோய்களில் பலவற்றில் ஆபத்து வரும் நேரத்துக்கும் நரம்புக்கும் தொடர்பு உண்டு. நீண்ட க்யூ.டி-யின் முதல் வகையில் நீச்சலும் ஓட்டமும் ஆபத்து, இரண்டாவது வகையில் திடீரென்று அலறும் அலாரம் சத்தம், மூன்றாவது வகையில் தூக்கம். சி.பி.வி.டி-யில் ஓட்டமும் உணர்ச்சிக் கொந்தளிப்பும். புருகாடா நேர்மாறு. உடம்பு ஓய்ந்து சிம்பதெடிக் நரம்பு தணிந்திருக்கும் ராத்திரியில்தான் அது பெரும்பாலும் ஆளைத் தூக்கும். புருகாடா என்ற டாக்டர் சகோதரர்கள் இந்த நோயை 1992-இல் விவரித்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே நம் அக்கம்பக்கத்து நாடுகளில் தூக்கத்திலேயே போன இளம் ஆண்களின் சாவுக்குப் பெயர் இருந்தது. தாய்லாந்தில் லாய் தாய், பிலிப்பைன்ஸில் பாங்குங்குட். இது நம் பக்கத்து நோய். “நம்மாளுங்களுக்கு அதெல்லாம் வராது” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குடும்ப மரம் வரைந்து கொண்டுபோங்கள்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டுத் தாள் போதும். தாத்தா பாட்டி, அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரையும் எழுதுங்கள். செத்தவர்கள் எந்த வயதில், எப்படிச் செத்தார்கள் என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள்.

நம் பெரியவர்கள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அங்கே சாவுக்குக் காரணம் எழுதிவைத்த தாள் பெரும்பாலும் இருக்காது. பேச்சில்தான் இருக்கும், அதைத் தோண்டி எடுக்க வேண்டும். “மாரடைப்பு” என்று சொல்லும் இடத்தில் வயதைக் கேளுங்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர் ஆற்றில் போயிருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். “அவருக்கு வலிப்பு இருந்திச்சு” என்றால் அதையும் எழுதுங்கள், ஏனென்றால் இதயம் தப்பாக அடித்து மயங்கி விழும்போது உடம்பு வெட்டி இழுக்கும், பார்ப்பவருக்கு அது காக்காய் வலிப்பு மாதிரிதான் இருக்கும். தொட்டிலிலேயே போன குழந்தைகளையும் விட்டுவிடாதீர்கள்.

எங்கள் அத்தையிடம் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினேன். சுங்கைப்பட்டாணி பக்கத்துத் தோட்டத்தில் சித்தப்பா 38 வயதில் தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை என்று அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னார். அதுவரை வீட்டில் “யாரோ செய்வினை வச்சுட்டாங்க” என்றுதான் பேச்சு. டாக்டர் அந்தத் தாளை ஃபைலில் முதல் பக்கமாகக் குத்தி வைத்தார்.

மருந்துகள்: இங்கேதான் நாங்கள் சறுக்கினோம்

நரம்பு நுனி எம்.ஐ.பி.ஜி-யை உள்ளே இழுப்பதைத் தடுக்கும் மருந்துகள் சில உண்டு. அவை உடம்பில் இருந்தால் நல்ல நரம்புகூட படத்தில் மங்கலாகத் தெரியும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் லபெட்டலால், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் வகை, மனநோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், அப்புறம் யாரும் மருந்தாகவே நினைக்காத மூக்கடைப்பு மாத்திரை. சூடோஎஃபெட்ரின், ஃபினைலெஃப்ரின் என்ற பெயர்கள் சளி மருந்துகளில் சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும்.

தம்பிக்கு ஸ்கேனுக்கு இரண்டு நாள் முன்னால் சளி பிடித்தது. பக்கத்து மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையை இரண்டு வேளை விழுங்கிவிட்டான். எங்களுக்குக் கொடுத்திருந்த தாளில் ‘மருந்துகளைத் தெரிவிக்கவும்’ என்று ஒரே வரிதான். காலையில் போய் உட்கார்ந்த பிறகு நர்ஸ் கேட்டபோதுதான் அட்டையை நீட்டினோம். அன்றைக்கு ஸ்கேன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வரவழைத்த மருந்தும் வீண். அதனால் சொல்கிறேன்: வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, ஒரு வாரத்துக்கு முன்பே அணு மருத்துவப் பிரிவுக்கு நேரில் காட்டுங்கள் அல்லது படம் பிடித்து அனுப்புங்கள். இருமல் சிரப், நாட்டு மருந்து, ஜிம்முக்குப் போகிறவர்கள் குடிக்கும் பொடி எல்லாமே அந்தப் பையில் இருக்க வேண்டும்.

ஆனால் இதைத் தடித்த எழுத்தாக நினைத்துப் படியுங்கள்: எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நீண்ட க்யூ.டி, சி.பி.வி.டி உள்ளவர்களுக்கு புரோப்ரனலால், நடலால் போன்ற பீட்டா பிளாக்கர்தான் உயிரைக் காக்கும் வேலி. இந்த ஸ்கேனுக்காக அதைப் பொதுவாக நிறுத்த வேண்டியதும் இல்லை. எதை, எத்தனை நாள் நிறுத்துவது என்று இதய டாக்டரும் அணு மருத்துவ டாக்டரும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டிலும் ஒரு சங்கதி உண்டு. வெனிலாவும் சாக்லேட்டும் உள்ளதைத் தவிர்க்கச் சொல்வார்கள். நம் ஊரில் அதற்கு அர்த்தம் மைலோ! காலையில் பசியாறும்போது கை தானாக அந்த டின்னுக்குப் போகும். முதல் நாளே அதை அலமாரியில் உள்ளே தள்ளி வைத்துவிடுங்கள்.

இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பல வருட இனிப்பு நீர் இதய நரம்புகளையும் கெடுக்கும், பார்கின்சன் நோயும் அப்படித்தான். அதைச் சொல்லாவிட்டால் படத்தில் தெரியும் மங்கலுக்குத் துடிப்புக் கோளாறுதான் காரணம் என்று தப்பாக நினைக்க வாய்ப்பு இருக்கிறது.

தேதி, இடம், காசு

இது எல்லா ஆஸ்பத்திரியிலும் தினமும் எடுக்கும் ஸ்கேன் இல்லை. பினாங்கு ஜெனரல் ஆஸ்பத்திரியிலும் கோலாலம்பூரில் பெரிய ஆஸ்பத்திரியிலும் (ஹோஸ்பிடல் கோலாலம்பூர்) அணு மருத்துவப் பிரிவு இருக்கிறது. ஆனால் இதயத்துக்கு அயோடின்-123 எம்.ஐ.பி.ஜி இப்போது எங்கே எடுக்கிறார்கள் என்பதை ரெஃபரல் எழுதும் டாக்டரிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கட்டிகளுக்குப் பயன்படும் அயோடின்-131 எம்.ஐ.பி.ஜி வேறு. அதன் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம்) 8 நாள், இதயப் படத்துக்கு அது அவ்வளவு தோதாக இருக்காது. போனில் கேட்கும்போது எண்ணையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

அயோடின்-123-இன் அரை ஆயுள் 13 மணி நேரம்தான். இன்றைக்கு வந்த மருந்தில் நாளைக்குக் காலையில் பாதிகூட மிஞ்சாது. உங்கள் பெயருக்கு, உங்கள் தேதிக்கு என்றே தருவிக்கிறார்கள். வர முடியாது என்றால் முதல் நாள் சொன்னால் போதாது, பல நாள் முன்பே சொல்லிவிடுங்கள்.

அரசு ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், ஆனால் ஸ்கேன் மருந்துக்குத் தனியாகக் கட்ட வேண்டியிருக்கலாம். முன்கூட்டியே கேளுங்கள். அரசு ஊழியர் என்றால் ஜி.எல் (செலவுக்கான உத்தரவாத) கடிதம், காப்புறுதி என்றால் பரம்பரை நோய்க்குக் கொடுப்பார்களா என்ற எழுத்துப்பூர்வமான பதில், இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு தேதி வாங்குங்கள்.

பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் போகிறவர்கள் முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள். பட்டர்வொர்த்தில் இ.டி.எஸ் ரயில் ஏறினால் கே.எல் சென்ட்ரலுக்கு நாலு மணி நேரத்துக்குப் பக்கம் ஆகும். பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்கே இப்போது எம்.ஆர்.டி ஸ்டேஷன் வந்துவிட்டது. உள்ளே போனதும் ‘பெருபாத்தான் நுக்ளியர்’ (அணு மருத்துவம்) என்ற போர்டைத் தேடுங்கள். அந்த மஞ்சள் கதிரியக்கச் சின்னத்தைப் பார்த்து அம்மா ஒரு நிமிடம் நின்றுவிட்டார். அது எச்சரிக்கைக்கு வைத்தது, பயப்பட ஒன்றுமில்லை.

அன்றைக்கு என்ன நடக்கும்

முதலில் தைராய்டைக் காக்க பொட்டாசியம் அயோடைடு மாத்திரையோ சொட்டு மருந்தோ கொடுப்பார்கள். வாயில் இரும்பு ருசி அடிக்கும். கழுத்துச் சுரப்பி அயோடினால் நிறைந்துவிட்டால் கதிரியக்க அயோடின் அங்கே போய் உட்காராது. ஊசிக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்னால் இதை விழுங்கியிருக்க வேண்டும். கொடுக்க மறந்தால் நீங்களே கேளுங்கள்.

அப்புறம் கொஞ்ச நேரம் அமைதியாகப் படுக்க வைப்பார்கள். ஊசிக் குழல் ஒரு கனமான உலோக உறைக்குள் வரும். கதிரைத் தடுக்கத்தான் அந்த உறை. மருந்தை ஒன்றிரண்டு நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்றுவார்கள். சிலருக்கு லேசாகப் படபடக்கும், முகம் சூடாகும். அப்படி ஏதாவது தோன்றினால் உடனே சொல்லிவிடுங்கள்.

ஏறக்குறைய 15 நிமிடம் கழித்து முதல் படம். கேமராவின் இரண்டு தட்டுகள் நெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். முதலில் அசையாத படம் ஒன்று, பத்து நிமிடம். அடுத்து அந்தத் தட்டுகள் உங்களைச் சுற்றி மெதுவாக நகரும். கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்திருக்க வேண்டும். தோள் வலிக்கும், தலையணை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எம்.ஆர்.ஐ மாதிரி இடிச் சத்தமும் குகையும் இல்லை, காந்தமும் இல்லை. நெஞ்சில் ஐ.சி.டி (ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் திருத்தும் கருவி) வைத்தவர்களும் தாராளமாகப் படுக்கலாம்.

பிறகு சுமார் நாலு மணி நேரம் காத்திருப்பு, இரண்டாவது படம். அந்த இடைவெளியில் தண்ணீர் நிறைய குடிக்கலாம், லேசாகச் சாப்பிடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாடிப்படி ஏறி இறங்காதீர்கள். வீட்டுக்குப் போன் போட்டுச் சண்டை போடவும் வேண்டாம், உணர்ச்சி கொந்தளித்தால் நரம்பும் கொந்தளிக்கும்.

கதிரியக்கம் எவ்வளவு? 185 மெகாபெக்கரல் அளவு போட்டால் உடம்புக்குச் சேர்வது 2.4 மில்லிசீவெர்ட் வாக்கில். உலகத்தில் சராசரியாக ஒரு மனிதன் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு வருடத்தில் வாங்குவதும் ஏறக்குறைய அதே அளவுதான். கர்ப்பமாக இருந்தாலோ அப்படிச் சந்தேகம் இருந்தாலோ, தாய்ப்பால் கொடுத்தாலோ தேதி வாங்கும்போதே சொல்ல வேண்டும். அடுத்த சில நாளில் விமானம் ஏறுகிறவர்கள் ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விமான நிலையத்துக் கதிர்க் கருவி சத்தம் போடலாம்.

ரிசல்ட்டை எப்படிப் படிப்பது

தம்பியின் படத்தைத் திரையில் காட்டினார்கள். கீழே உடம்பின் வலது பக்கத்தில் கல்லீரல் பளிச்சென்று, மேலே எச்சில் சுரப்பிகள், நடுவில் கொஞ்சம் இடது பக்கமாக ஒரு லாடம் மாதிரி மங்கலாக இதயம். அவ்வளவுதான். அந்த லாடத்தைச் சுற்றி ஒரு கோடு, நெஞ்சின் நடுப்பகுதியில் ஒரு சின்னக் கட்டம். இரண்டிலும் பதிவான கதிர் எண்ணிக்கையை வகுத்தால் வருவது இதய-மார்பிடை விகிதம்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். முதல் படத்தில் இதயத்தில் 230, மார்பிடையில் 100 என்றால் விகிதம் 2.3. நாலு மணி நேரம் கழித்து 180-க்கு 90 என்றால் 2.0. இரண்டு படத்துக்கும் நடுவில் இதயம் எவ்வளவு மருந்தை இழந்தது என்பதுதான் வெளியேறும் வீதம். நரம்பு நன்றாகப் பிடித்து வைத்திருந்தால் அது குறைவாக இருக்கும். இரண்டாவது விகிதம் ஆரோக்கியமானவர்களுக்கு ஏறக்குறைய 2 பக்கம் இருக்கும்.

இணையத்தில் தேடினால் 1.6 என்ற எண் கண்ணில் படும். அது 2010-இல் வெளிவந்த, இதயம் பலவீனமான 961 பேரிடம் செய்த ஆய்வில் வந்த எல்லை. புருகாடாவுக்கோ நீண்ட க்யூ.டி-க்கோ போட்ட கோடு இல்லை. அதை வைத்து நீங்களே பயப்படாதீர்கள், சந்தோஷப்படவும் வேண்டாம். கேமராவில் பொருத்தும் சல்லடையைப் பொறுத்தும் எண் மாறும். அதனால் ஓர் ஆஸ்பத்திரி எண்ணை இன்னோர் ஆஸ்பத்திரி எண்ணோடு அப்படியே ஒப்பிட முடியாது.

நம் மாதிரி நோயாளிகளுக்கு மொத்த எண்ணைவிட எந்தச் சுவரில் மங்கல் என்பது முக்கியம். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் புருகாடா உள்ள 17 பேரில் 8 பேருக்கு இப்படி ஒரு பகுதி மங்கலாக இருந்தது. மீதி 9 பேருக்கு இல்லை, ஆனால் அவர்களுக்கும் புருகாடா இருந்தது! படம் நன்றாக வந்தது என்று மருந்தையோ செக்-அப்பையோ விட்டவர்களை நினைத்தால் எனக்கு மனசு பதறுகிறது. ஏ.ஆர்.வி.சி-யில் இன்னும் அதிகம் பேருக்கு மங்கல் தெரிகிறது. வலது கீழறைச் சுவர் மெலிசு என்பதால் கேமரா அதை நேராகக் காட்டாது, இடது பக்கத்தில் தெரிவதை வைத்துத்தான் பேசுகிறார்கள். சில சமயம் ரத்த ஓட்ட ஸ்கேனும் சேர்த்து எடுப்பார்கள். ரத்தம் ஒழுங்காகப் போகிற இடத்தில் நரம்பு மட்டும் மங்கல் என்றால் அடைப்பு காரணமில்லை, நரம்புதான் காரணம் என்று பிரித்துச் சொல்லலாம்.

தம்பிக்கு இரண்டாவது விகிதம் 2.1. கீழ்ச்சுவரில் ஒரு சின்ன இடம் மங்கல். புருகாடாவில் பார்த்திருக்கிற மாதிரிதான், ஏ.ஆர்.வி.சி பக்கம் தள்ளும் அளவுக்கு இல்லை என்றார் டாக்டரம்மா. மற்ற சோதனைகளோடு சேர்த்து வைத்துத்தான் அப்படிச் சொன்னார். ஐ.சி.டி வைப்பதா என்பதை அவன் மயங்கி விழுந்ததையும் ஈ.சி.ஜி-யையும் வைத்து முடிவு செய்தார்கள், வைத்தும் ஆயிற்று.

ரிப்போர்ட்டின் நகலையும் படங்கள் உள்ள சிடியையும் கேட்டு வாங்குங்கள். குடும்ப மரத்தோடு ஒரே ஃபைலில் வையுங்கள். பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோயின் மரபணு இருந்தால், இவற்றில் பெரும்பாலான நோய்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர்களுக்கு முதலில் வேண்டியது நரம்பு ஸ்கேன் இல்லை, ஈ.சி.ஜி. அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானிலேயே அதை எடுக்கலாம். அக்கா மகளுக்கு அடுத்த மாதம் 12-ஆம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை அவளுக்குக் காய்ச்சல் வந்தால் உடனே பாராசிட்டமால் கொடுத்து, சூடு தணியும் வரை காத்திருக்காமல் காய்ச்சலோடேயே கூட்டிவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். காய்ச்சலில்தான் புருகாடா ஈ.சி.ஜி-யில் நன்றாக முகம் காட்டும். அக்கா தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி ஃபிரிஜ் மேலே வைத்திருக்கிறார்.